அறுந்த கண்ணி எது?

ஒரு நிகழ்ச்சிக்குப் பின் மற்றொரு நிகழ்ச்சி நடந்துவிட்டால், முன்னதே பின்னதற்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடுவது மனித மனத்தின் பழைய நோய். புது மருமகள் வீட்டில் கால் வைத்த வாரத்தில் கொட்டிலில் ஆடு ஒன்று செத்துவிட்டால், பழி அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. பயணம் புறப்பட்ட வண்டி வழியில் பழுதாகிவிட்டால், புறப்படும்போது எதிரே வந்தவரின் முகம் நினைவுக்கு வருகிறது. இத்தகைய சகுன நம்பிக்கைகளுக்கு இஸ்லாத்தில் இடமில்லை என்பதை மேடைகளில் நாம் எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறோம். கேட்டவர்களும் தலையசைத்திருக்கிறார்கள். ஆயினும் அதே நோய் நம் உள்ளத்திலும் உறைந்து கிடந்தது என்பதை, 2025-ஆம் ஆண்டு ரமலானுக்குச் சில நாட்கள் முன்பு, ஜமாஅத் அலுவலகத்திலிருந்த ஒரு பிரிண்டர் நமக்கு உணர்த்திற்று.

எங்கள் மஹல்லாவின் ஜமாஅத் செயலாளர் பொறுப்பைச் சில ஆண்டுகளாக நாம் சுமந்து வருகிறோம். பள்ளிவாசலை ஒட்டிய சிறு அறைதான் அலுவலகம். அங்கே ஒரு கணிப்பொறி. மூலையில் ஒரு லேசர் பிரிண்டர். அலுவலகக் கணிப்பொறியும் மதரஸாக் கணிப்பொறியும் ஒருங்கே பயன்படுத்துவதற்காக, அந்தப் பிரிண்டர் எதனோடும் நேராக இணைக்கப்படாமல், இணைய இணைப்புக்கான ரவுட்டர் பெட்டியோடு கேபிளால் இணைக்கப்பட்டிருந்தது. மாதச் சந்தா ரசீதுகள், நிகாஹ் கடிதங்கள், மதரஸா வினாத்தாள்கள், ரமலான் வந்தால் வீட்டுக்கு வீடு கொடுக்கும் ஸஹர் இஃப்தார் நேர அட்டவணை ஆகிய யாவும் அந்த ஒரு கருவியிலிருந்தே வெளிவந்தன.

கணிப்பொறியை நடத்தும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். எங்களிடம் இருந்தது விண்டோஸ் 10. அது வெளிவந்தது 2015 ஜூலையில். 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு அதற்கான ஆதரவு முடிவடையும் என்று அதை உருவாக்கிய நிறுவனம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. ஆதரவு முடிந்தால் கணிப்பொறி அன்றே நின்றுவிடும் என்பதன்று. புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வழக்கம்போல் வாரா என்பதே பொருள். எங்கள் கணிப்பொறியிலோ மஹல்லாவின் எல்லாக் குடும்பங்களின் பெயர்களும், தொலைபேசி எண்களும், நிகாஹ் விவரங்களும் இருந்தன. அவை அமானிதம். பூட்டு பழுதாகப் போகிறது என்று தெரிந்த பின்னும் அமானிதத்தை அதே பெட்டியில் வைத்திருப்பது முறையாகாது. எனவே 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11-க்கு மாறிவிடுவதென முடிவு செய்தோம்.

அந்த வேலையை ஏற்றுக்கொண்டவன் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவன். அவனுடைய வாப்பா கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடையில் வேலை பார்ப்பவர். ஒரு பைசாவும் பெறாமல், ஓய்வு நாட்களில் வந்து அலுவலக வேலைகளைப் பார்த்துக் கொடுப்பது அந்தத் தம்பியின் வழக்கம். பதிவேடுகள் அனைத்தையும் முதலில் தனி டிஸ்கில் படியெடுத்து நம் கையில் கொடுத்துவிட்டு, அதன் பின்னரே மாற்றும் வேலையைத் தொடங்கினான். வேலை முடிகையில் இரவு வெகு நேரமாகிவிட்டது. “மாமா, பிரிண்டரையும் ஒருதரம் ஓட்டிப் பார்த்திடட்டுமா?” என்று கேட்டான். ரமலானை முன்னிட்டு அறைக்கு வெள்ளையடித்திருந்ததால் பிரிண்டர் துணி போட்டு மூடப்பட்டிருந்தது. “நேரமாகிவிட்டது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தவர்கள் நாமே.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தாயார் வந்தார். கணவரை இழந்தவர். மறுநாள் காலை பக்கத்து ஊரில் அவருடைய மகனுக்கு நிகாஹ். மாப்பிள்ளை இன்ன மஹல்லாவைச் சேர்ந்தவர், திருமணத்துக்குத் தடையேதும் இல்லை என்று எங்கள் ஜமாஅத்தின் கடிதம் வேண்டும். “காக்கா, மஃரிபுக்குள்ளே குடுத்தீங்கன்னா ராத்திரி பஸ்ஸிலேயே ஆளை அனுப்பிடுவேன்” என்றார். கடிதத்தை அடித்து, அச்சிடும் கட்டளையை அழுத்தினோம். தாள் வரவில்லை. மீண்டும் அழுத்தினோம். பிரிண்டர் தொடர்பில் இல்லை என்று திரை அறிவித்தது. ஆத்திரத்தில் எத்தனை முறை அழுத்தினோம் என்பது பிறகுதான் தெரிந்தது: பதினொரு முறை.

அந்த நேரத்தில் தம்பி பள்ளிவாசலின் ஹவுளுக்கு அருகே நின்றுகொண்டிருந்தான். ஜமாஅத் பெரியவர்கள் ஆறுபேர் அங்கே இருந்தனர். அவர்கள் எதிரில் நாம் அவனைப் பார்த்து, “தெரியாத வேலையில் ஏன் கை வைத்தாய்? நன்றாக இருந்த பொருளைக் கெடுத்துவிட்டாயே!” என்று உரக்கக் கேட்டுவிட்டோம். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நாம் விடவில்லை. பெரியவர்களில் ஒருவர், “புதுப் பிரிண்டர் என்ன விலை ஆகும்? அவன் வாப்பாவிடம் சொல்லுங்கள்” என்றார். அதை மறுத்து ஒரு சொல்லும் நம் வாயிலிருந்து வரவில்லை. தம்பி தலைகுனிந்து வெளியேறினான். அன்று மஃரிப் தொழுகையில் அவனுடைய இடம் காலியாக இருந்தது.

கடிதத்தின் கதை எளிதாக முடிந்தது. எங்கள் பள்ளிவாசல் இமாமாகிய ஹஜ்ரத் அவர்கள் நம் கலவரத்தைக் கண்டு, ஜமாஅத்தின் பெயர் பொறித்த தாள் ஒன்றை எடுத்து, தம் அழகிய கையெழுத்தில் ஐந்தே நிமிடத்தில் கடிதத்தை எழுதினார்கள். நாம் கையொப்பமிட்டு முத்திரை வைத்தோம். அந்தத் தாயார் துஆச் செய்துவிட்டுப் போனார். பேனாவால் தீர்ந்துபோன ஒரு காரியத்துக்காகவா ஒரு பிள்ளையின் மனத்தைக் குத்தினோம் என்ற எண்ணம் அப்போதுதான் முதன்முதலாக எழுந்தது.

இஷாவுக்குப் பின் ஹஜ்ரத் அவர்கள் நம்மை அழைத்து உட்காரவைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். “செயலாளர் அவர்களே, அந்தக் கருவி கடைசியாகச் சரியாக அச்சடித்தது என்றைக்கு?”

யோசித்துப் பார்த்தோம். வெள்ளையடிப்பதற்கு முன்பு. அதாவது பத்து நாட்களுக்கு முன்பு. இயங்குதளம் மாறியதோ முந்திய இரவுதான். இடையிலே ஒன்பது நாட்கள் அந்தக் கருவி அச்சடிக்கவே இல்லை. “அந்த ஒன்பது நாட்களில் அறையில் வேறு என்னென்ன மாறிற்று?” என்று ஹஜ்ரத் அவர்கள் தொடர்ந்து கேட்டபோது, நம் உடல் ஒருமுறை சில்லிட்டது. வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு நீர் பட்டு ரவுட்டர் பெட்டி பழுதாகிவிட்டது. நாமே கடைத்தெருவுக்குப் போய்ப் புதிய பெட்டி வாங்கி வந்து, நம் கைகளாலேயே மாட்டினோம். அதைத் தம்பியிடமோ வேறு யாரிடமோ சொல்லவுமில்லை. எங்கும் எழுதி வைக்கவுமில்லை.

ஹஜ்ரத் அவர்கள் மதரஸாவில் ஹதீஸ் கலையைப் பல்லாண்டுகள் போதித்தவர்கள். அவர்கள் சொன்னார்கள்: “ஒரு செய்தி நம்மை வந்தடைகிறதென்றால் அதற்கு ஒரு ஸனது உண்டு. இவர் அவரிடம் கேட்டார், அவர் இன்னொருவரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர்களின் சங்கிலி. அதிலே ஐயம் எழுந்தால் முஹத்திஸ்கள் கடைசி ஆளைப் பிடித்து உலுக்கிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. ஒவ்வொரு கண்ணியையும் ஆராய்ந்தார்கள். இவர் அவரைச் சந்தித்திருக்க முடியுமா, இவருடைய நினைவாற்றல் எப்படி என்று தேடினார்கள். இடையே ஒரு கண்ணி அறுந்திருந்தால் அதை முன்கதிஃ என்று குறித்து, எந்த இடத்தில் அறுந்தது என்பதையும் காட்டினார்கள். அந்த உயர்ந்த கலையை இந்தக் கருவியோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எழுத்து தாளுக்குப் போய்ச் சேர எத்தனை கண்ணிகள்? அவற்றில் எது அறுந்தது? அது தெரியுமுன் ஒருவர் மீது தீர்ப்புச் சொல்லலாமா?”

வீணான சந்தேகத்தை மார்க்கம் தடுத்திருக்கிறது என்பதை அறியாதவரல்லர் நாம். அறிந்திருந்தும் செய்துவிட்டோம். அன்றிரவே தம்பியின் வீட்டுக் கதவைத் தட்டினோம். கதவைத் திறந்த அவனுடைய வாப்பா நம்மைக் கண்டதும் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, “எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க காக்கா, கொஞ்சம் கொஞ்சமாக் கட்டிடுறேன்” என்றார். அந்தச் சொல் நம்மை நிலைகுலையச் செய்துவிட்டது. “பணம் கேட்க வரவில்லை, பிள்ளையின் உதவி கேட்டு வந்திருக்கிறோம்” என்றோம். தம்பி ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு நம்முடன் வந்தான்.

அலுவலகத்தில் அவன் செய்தவற்றை ஒன்றுவிடாமல் இங்கே எழுதுகிறோம். இன்று எத்தனையோ வீடுகளிலும் கடைகளிலும் மதரஸாக்களிலும் இதே சிக்கல் நேர்வதால், வாசகர்களுக்கு இது பயன்படக்கூடும்.

நம் எழுத்து தாளை அடையுமுன் கடக்க வேண்டிய கண்ணிகள் இவை. முதலாவது, நாம் எழுதும் மென்பொருள். அது அச்சுக் கட்டளையை ஸ்பூலர் என்னும் பகுதியிடம் ஒப்படைக்கிறது. ஸ்பூலர் என்பது நியாயவிலைக் கடையில் வரிசையை ஒழுங்குபடுத்துபவரைப் போன்றது; வந்தவற்றை வாங்கி வைத்து, ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பும். அடுத்தது டிரைவர். இது வண்டி ஓட்டுபவரன்று, மொழிபெயர்ப்பாளர். கணிப்பொறியின் மொழியைக் குறிப்பிட்ட பிரிண்டருக்கு விளங்கும் மொழியாக மாற்றித் தருவது. அதற்கடுத்தது போர்ட். எந்த வழியாக, எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்ற குறிப்பு அதில் இருக்கும். பிறகு கேபிளும் ரவுட்டரும். இறுதியில் பிரிண்டர்.

தம்பி கடைசிக் கண்ணியிலிருந்து தொடங்கினான். கணிப்பொறியைத் தொடவேயில்லை. பிரிண்டரின் முகப்பிலிருந்த பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தான். கருவி முனகிக்கொண்டு ஒரு தாளைத் தள்ளிற்று. தன்னைப் பற்றிய விவரங்களைத் தானே அச்சிட்டுத் தரும் தாள் அது. பெரும்பாலான பிரிண்டர்களில் இந்த வசதி உண்டு. அந்த ஒரு தாளால் இரண்டு உண்மைகள் தெரிந்தன. கருவி பழுதன்று, மையும் தாளும் இயக்கமும் சரியாக உள்ளன. மற்றொன்று, அதன் இப்போதைய ஐ.பி. முகவரி. ஒரே வலையில் இணைந்துள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் கொடுக்கும் வீட்டிலக்கம் போன்றது அது. தாளில் இருந்த எண் 192.168.1.12.

அடுத்து, கணிப்பொறியில் பிரிண்டரின் பண்புகளைத் திறந்து, போர்ட் என்ற பகுதியைக் காட்டினான். அங்கே எழுதியிருந்தது 192.168.1.7. தம்பி பழைய முகவரியை நோக்கி ‘பிங்’ என்னும் கட்டளையால் குரல் கொடுத்துப் பார்த்தான். பதிலில்லை. புதிய முகவரிக்குக் குரல் கொடுத்தான். உடனே பதில் வந்தது. வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நாம் மாட்டிய புதிய ரவுட்டர், பிரிண்டருக்குப் புதிய இலக்கம் ஒன்றைக் கொடுத்துவிட்டது. கணிப்பொறியோ, வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்திலேயே கடிதம் போட்டுக்கொண்டிருந்தது. இயங்குதளம் மாறியதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. விண்டோஸ் 10 இருந்திருந்தாலும் அன்று தாள் வந்திராது.

முகவரியை மாற்றிவிடலாமே என்று நாம் அவசரப்பட்டோம். தம்பி தடுத்தான். “முதல்லே வரிசையைக் காலி பண்ணணும் மாமா. இல்லேன்னா நீங்க அழுத்தின பதினொண்ணும் ஒண்ணா வந்து விழும்” என்றான். அப்போதுதான் அந்த எண்ணிக்கை நமக்குத் தெரிந்தது. கணிப்பொறியின் சேவைகள் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தினான். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போய், அங்கே தேங்கியிருந்தவற்றை மட்டும் நீக்கினான், கோப்புறைகளைத் தொடவில்லை. பின்பு ஸ்பூலரை மீண்டும் ஓடவிட்டான். புதிய முகவரிக்கு ஒரு போர்ட் அமைத்தான். சோதனைத் தாள் ஒன்றை அனுப்பினான். மூலையிலிருந்த கருவி விழித்துக்கொண்டு தாளைத் தந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றோம். அவனும் மெல்லச் சொன்னான்.

அத்தோடு அவன் நிற்கவில்லை. நாளைக்கு மின்சாரம் போய்வந்தால் ரவுட்டர் மறுபடியும் வேறு இலக்கம் கொடுக்கக்கூடும். ஆகையால் ரவுட்டரின் அமைப்புக்குள் சென்று, இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இந்த இலக்கமே என்று ஒதுக்கிவைத்தான். கணிப்பொறி, பிரிண்டர் இரண்டும் அறியாத இந்த ஏற்பாடு பலருடைய வீட்டில் இருப்பதில்லை. திடீரென்று பிரிண்டர் தொடர்பற்றுப் போவதற்கு இதுவே பல இடங்களில் காரணமாகிறது.

இதனால் இயங்குதள மாற்றத்தால் ஒரு சிக்கலும் வராது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வருவதுண்டு. தம்பி அவற்றையும் விளக்கினான். மாற்றத்துக்குப் பின் சில வேளைகளில் வீட்டு வலையமைப்பு ‘பொது’ என்ற வகைக்கு மாறியிருக்கும். பேருந்து நிலையத்தில் இருப்பதாகக் கருதிக்கொண்டு, கணிப்பொறி அக்கம் பக்கத்துக் கருவிகளைத் தேடாமல் ஒதுங்கிவிடும். அதைத் ‘தனியார்’ வலை என்று மாற்றினால் பிரிண்டர் கண்ணுக்குப் படும். சில வேளைகளில் முதன்மைப் பிரிண்டர் எது என்பதைக் கணிப்பொறி தானே தேர்ந்துகொள்ளும் அமைப்பு இயங்கும். அப்போது நம் கடிதம் தாளுக்குப் போகாமல் பி.டி.எஃப். கோப்பாகச் சேமிக்கும்படி கேட்டு நிற்கும். அந்த அமைப்பை நீக்கிவிட்டு நம் பிரிண்டரை நாமே முதன்மையாகக் குறிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளரும் மாறிப் போகலாம். விண்டோஸ் 10-இல் 32 பிட், 64 பிட் என இரு வகைகள் இருந்தன. விண்டோஸ் 11-இல் 64 பிட் வகை மட்டுமே உண்டு. 32 பிட்டுக்காக எழுதப்பட்ட டிரைவர் அதிலே பயன்படாது. அப்போது பழைய டிரைவரை முற்றாக நீக்கி, பிரிண்டரை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து புதியதைப் பெற்று நிறுவ வேண்டும். தளத்தின் பெயரை நன்கு சரிபார்த்துக்கொள்வதும் கடமை. டிரைவர் என்ற பெயரில் தீங்கான மென்பொருளை விற்கும் போலிகள் ஏராளம்.

மாற்றங்களே பழுதைக் கொண்டுவந்த காலங்களும் உண்டு. 2021-ஆம் ஆண்டில் விண்டோஸின் ஸ்பூலரில் பெரியதொரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் பெற்ற அந்த ஓட்டையை அடைப்பதற்காக விதிகள் இறுக்கப்பட்டன. அதன்பின் கணிப்பொறியின் நிர்வாக உரிமை இல்லாதவர்கள் பிரிண்டர் டிரைவரை நிறுவ முடியாத நிலை வந்தது. வலை வழியே ஒரு பிரிண்டரைப் பகிர்ந்துகொண்ட அலுவலகங்கள் பல தடுமாறின. 2025 ஜனவரி இறுதியில் வந்த ஒரு திருத்தத்துக்குப் பின், யூ.எஸ்.பி. கேபிளில் இணைந்த சிலவகைப் பிரிண்டர்கள், யாரும் கட்டளையிடாமலே பொருளற்ற எழுத்துகளைத் தாளில் அச்சிட்டுத் தள்ளின. அந்தக் குறை பின்னர் வந்த திருத்தத்தால் நீக்கப்பட்டது. ஆக, மாற்றத்தைச் சந்தேகிப்பது தவறன்று. சோதித்துப் பார்க்காமல் தீர்ப்புக் கூறுவதே தவறு.

ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனித்தனி மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் இந்தத் தொல்லை குறைந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஐ.பி.பி. என்ற பொது மொழி ஒன்றைப் பிரிண்டர்களும் கணிப்பொறிகளும் கற்றுக்கொண்டு வருகின்றன. 2010-இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த ஏர்பிரிண்ட் முறையும் இதன் அடிப்படையில் அமைந்ததே. தனித்தனி டிரைவர்களை வழங்கும் வழக்கத்தைப் படிப்படியாகக் குறைத்து, இப்பொது மொழிக்கே முதலிடம் தரப்போவதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2023 செப்டம்பரில் அறிவித்தது. புதிதாகப் பிரிண்டர் வாங்குவோர் இந்த வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குவது நலம்.

வேலை முடிந்து, ரமலான் அட்டவணைத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருக்கையில், தம்பி ஒரு பழைய செய்தியைச் சொன்னான். 1980-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு, ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று அன்பளிப்பாக வந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், முன்பிருந்த பிரிண்டரில் தாள் சிக்கினால் காத்திருப்போருக்கு அறிவிக்கும்படி மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதியதிலும் அவ்வாறே செய்ய விரும்பினார். ஆனால் அதன் மூல நிரல் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் கேட்டும், வெளியிடுவதில்லை என்று வாக்களித்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். தகவல் மறைக்கப்பட்டால் பழுதை நீக்க முடியாது என்ற அந்த அனுபவம் ஸ்டால்மன் உள்ளத்தில் ஊன்றிற்று. 1983 செப்டம்பரில் அவர் அறிவித்த குனு திட்டம், பின்னாளில் கட்டற்ற மென்பொருள் என்ற பெரும் இயக்கமாக வளர்ந்தது.

தம்பி இதைக் கதையாகத்தான் சொன்னான். நமக்கோ அது குத்திற்று. அங்கே நிறுவனம் மறைத்தது நிரலை. இங்கே நாம் மறைத்தது, மறைக்க வேண்டும் என்ற எண்ணமில்லாமலே, ரவுட்டர் மாற்றிய செய்தியை. விளைவு ஒன்றுதான். பழுது பார்க்க வருபவன் இருட்டில் நிற்கிறான். பழியும் அவன் மீதே விழுகிறது.

மன்னிப்பை அந்த அறையிலேயே கேட்டு முடித்திருக்கலாம். ஹஜ்ரத் அவர்கள் சொன்ன ஒரு சொல் தடுத்தது. “பழி எங்கே சொல்லப்பட்டதோ அங்கேதான் அதைத் திரும்பப் பெற வேண்டும்” என்றார்கள். மறுநாள் அஸருக்குப் பின், அதே ஹவுளுக்கு அருகே, அதே ஆறு பெரியவர்களையும் நிற்கச் செய்து, தம்பியையும் அவனுடைய வாப்பாவையும் அழைத்து, தவறு நம்முடையது, ரவுட்டரை மாற்றியவர்கள் நாம், பிள்ளை செய்த வேலையில் ஒரு குறையுமில்லை என்று உரக்கச் சொன்னோம். முதல்நாள் எவ்வளவு உரக்கப் பேசினோமோ அவ்வளவு உரக்க. விலை கேட்ட பெரியவரும் முன்வந்து தம்பியின் தோளைத் தொட்டார். வயதுக்கும் பதவிக்கும் அது எளிதாக இல்லை. ஆயினும் சொல்லி முடித்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது போலிருந்தது.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே, “பரவாயில்லே மாமா” என்றான். சற்றுப் பொறுத்து, “ரவுட்டர் மாத்தின தேதியை மட்டும் ஒரு நோட்டுலே எழுதி வைங்க” என்றான்.

இப்போது அலுவலகத்தில் பிரிண்டரின் மேலே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் நூலில் கட்டித் தொங்குகிறது. கருவியின் முகவரி, டிரைவரின் பெயர், எந்தத் தேதியில் எது மாற்றப்பட்டது, மாற்றியவர் யார், மாற்றியபின் சோதித்துப் பார்த்தாயிற்றா என்று அதில் எழுதுகிறோம். முதல் வரியில் நம்முடைய பெயரும் ரவுட்டரும் உள்ளன. 2025 அக்டோபருக்குப் பின் பல குடும்பங்கள் தங்கள் கணிப்பொறியை மாற்றி, பிரிண்டர் பேசவில்லை என்று நம்மிடம் வந்து சொல்கின்றன. வீட்டுப் பிள்ளைகள் மீதே முதலில் குற்றம் சாட்டுகின்றன. அவர்களிடம் நாம் முதலில் கேட்பது ஹஜ்ரத் அவர்களின் அந்தக் கேள்வியைத்தான்: கடைசியாக அது சரியாக ஓடியது என்றைக்கு? அன்றைக்கும் இன்றைக்கும் இடையே மாறியவை எவை?

அந்தக் கேள்வி பிரிண்டருக்கு மட்டும் உரியதன்று என்பதை வாசகர்கள் உணர்ந்திருப்பார்கள். இரண்டு வீடுகளுக்கிடையே பேச்சு நின்றுபோகிறது. சகோதரர்களுக்கிடையே சலாம் நின்றுபோகிறது. கடைசியாக நடந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக வந்தவர் மீது பழியைப் போடுகிறோம். இடையில் எந்தக் கண்ணி அறுந்தது என்று பார்ப்பவர் அரிது. பார்த்தால், அது நம் கையால் மாட்டிய கண்ணியாகவும் இருக்கக்கூடும். தீர விசாரிக்கும் பொறுமையையும், தவறு தெரிந்தபின் அதை நால்வர் எதிரில் ஒப்புக்கொள்ளும் துணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.